இடுப்பைத் தூக்கிய தசை

எஸ்தர் பதினெட்டு வருஷமாகத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை பார்த்தவள். உட்கார்ந்து உட்கார்ந்து அவளுடைய பிட்டத்துத் தசை தூங்கியே பழகிவிட்டது. எழுவது, குனிவது, குடம் தூக்குவது எல்லாவற்றையும் முதுகுத் தசையே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது.

கடைசியில் முதுகுவலி தாங்காமல் எஸ்தர் பிசியோதெரபிக்குப் போனாள்.

“மல்லாந்து படுங்க. முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்குங்க,” என்றாள் அங்கிருந்த பெண்.

முதுகுத் தசை பதறிப்போய் இறுகிக்கொண்டு இடுப்பை இழுத்தது.

“அக்கா, இது என் வேலை. என்னைத்தான் கூப்பிடுறாங்க,” என்றது பிட்டத்துத் தசை.

“உன்னை நம்பி விட்டா அவ விழுந்துருவா. சும்மா கிட.”

“படுத்திருக்கிறவ எங்கேக்கா விழப் போறா?”

முதுகு இன்னும் இறுகிக்கொண்டது. எட்டாவது முறை தூக்கும்போது அதன் பலமெல்லாம் தீர்ந்தது. “ஐயோ, போச்சு!” என்று பிடியை விட்டது.

இடுப்பு இறங்கவில்லை. பிட்டத்துத் தசை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே அதைத் தாங்கி நின்றது.

“இப்ப முதுகு வலிக்கலைங்க!” என்றாள் எஸ்தர்.

முதுகுக்கு என்னவோ போலிருந்தது. “இப்படி நடுங்குறியே, நான் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?” என்றது.

“வேண்டாம்க்கா. நடுங்கினாலும் தாங்குறேன்.”

எஸ்தர் இன்னொரு முறை இடுப்பைத் தூக்கினாள். இந்த முறை முதுகு அதைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் அவள் இறக்கி வைக்கும்வரை, ஒவ்வொரு நொடியாக எண்ணிக்கொண்டே கிடந்தது.