தரையில் இறங்கும் தாழ்ப்பாள்

விலை பேசுவதற்கு முன் ஒரு வீட்டில் பார்க்க வேண்டியதையெல்லாம் இசக்கிராஜ் பார்த்தான். சுவரைத் தட்டினான், குழாய்களைத் திறந்துவிட்டான், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் புரோக்கரோடு மாடிக்குப் போனான். அவன் மனைவி சண்முகக்கனி குளியலறைக் கதவின் முன்னால் நின்றுவிட்டாள். தாழ்ப்பாள் பெயர்ந்த தடங்கள் மூன்று, மக்குப் பசை வைத்து அடைத்தும் மறையவில்லை. கதவின் அடியில் மட்டும் கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது.

“மேல போட்டா ஒரு மிதிக்குத் தாங்காதுக்கா,” என்றாள் வீட்டுக்காரி. அவள் பார்வை சண்முகக்கனியின் வீங்கிய மணிக்கட்டில் இருந்தது. “தரைக்குள்ள இறங்குத மாதிரி போடணும். நாலாவது தடவைதான் எனக்கே தெரிஞ்சுது.”

சண்முகக்கனி உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் தரைக்குள் இறக்கினாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்த இசக்கிராஜ் கதவைத் தள்ளினான். “ஏட்டி, திற.” அவள் திறக்கவில்லை. “கதவு கெட்டியான்னு பாக்கேன் அண்ணாச்சி,” என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டு மிதித்தான். முதல் மிதியில் நிலைக்கு மேலே காரை உதிர்ந்தது. இரண்டாவதில் சோப்புப் பெட்டி விழுந்து உடைந்தது. மூன்றாவது முழுப் பலத்தோடு வந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவள் கதவுக்கு முட்டுக் கொடுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெளியே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு அவன் சிரிப்பது கேட்டது.

“வீடு பிடிச்சிருக்கு அண்ணாச்சி. இந்தக் கதவை மட்டும் கழட்டிரச் சொல்லுங்க. இன்னைக்கே அட்வான்ஸ் தாரேன்.”