பதினேழாவது ஆணி

பதினேழாவது ஆணியும் பிடி கொடுக்கவில்லை.

ஆணியில் சாவியை மாட்டி முறுக்கினாள். பியானோவின் கம்பி இறுகிச் சுருதி ஏறியது. கையை எடுத்ததும் ஆணி வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

விடுவாளா அவள்?

ஆணியைக் கழற்றினாள். ஓட்டைக்குள் ஸ்பிரிட்டில் நனைத்த துணித்திரியை விட்டுத் துடைத்தாள். திரி மஞ்சளாக வந்தது.

எல்லாம் அவள் விட்ட தேங்காய் எண்ணெய். கடல் காற்றில் ஆணிகள் துருப்பிடிக்கின்றனவே என்று ஒரு மழைக்காலத்தில் ஆசையாசையாகச் சொட்டு விட்டாள். எண்ணெய் குடித்த மரம் ஆணியைப் பிடிக்காது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்குக் கணவர் குதித்த குதியைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

இப்போது அப்படி ஒரு வசவு கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அவர் பக்கத்து அறையில் படுத்திருந்தார். வாதம் வந்து நான்கு மாதம். கை கொஞ்சம் அசைகிறது. காது நன்றாகக் கேட்கிறது. வாய்தான் திறக்கவில்லை. பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பசு மாட்டுப் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். மாதா கோயிலில் நாற்பது வருடம் பியானோ வாசித்த மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளே இவள் பியானோவைத் திறந்துவிட்டாள்.

பியானோ மெக்கானிக் வந்து பார்த்தார். விறகுக்குத்தான் ஆகும் என்று கையை விரித்தார். இவள் விடவில்லை. கடைசியில், உப்புத்தாள் சுற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உப்புத்தாளைச் சிறியதாக நறுக்கினாள். சொரசொரப்பு மரத்தைப் பார்க்கும்படி சுருட்டி ஓட்டைக்குள் விட்டாள். அதற்குள் ஆணியை வைத்துச் சுத்தியலால் இறக்கினாள். புதுக் கம்பியைச் சுற்றும்போது விரல் கிழிந்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

முறுக்கினாள்.

கையை எடுத்தாள்.

நின்றது.

சுருதி பார்க்கப் போனை அருகில் வைத்துக்கொண்டு கட்டையை அழுத்தினாள். திரையில் முள் நடுவில் நின்று பச்சை காட்டியது.

"எறங்கி இருக்கு."

உள்ளேயிருந்து வந்தது. குழறல்தான். எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போகவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். மயிரிழை அளவுக்கு ஏற்றி, மறுபடி அழுத்தினாள்.

"ம்ஹும்."

இன்னும் ஓர் இழை.

"ம்."

அதோடு சரி. கட்டில் கிரீச்சிட்டது. வேலை முடிந்ததென்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதினாறாவது கம்பி இதே வைத்தியத்தில் நேற்றே சுருதி சேர்ந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை.

சாவியை அதன் ஆணியில் மாட்டினாள். இடப்பக்கம் திருப்பித் தளர்த்தினாள்.

உள்ளே கேட்கும்படி கட்டையை ஓங்கி அழுத்தினாள்.