முதல் ஈட்டு ரொட்டி

மூன்றாவது அடியில் புதுத் தந்தூர் அடுப்பு நடுவாகப் பிளந்தது. நிகினா கடப்பாரையை மறுபடி ஓங்கினாள்.

"ஐயோ, என் அடுப்பு!" மவ்ஜூதா மாவுக் கையோடு ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "பைத்தியமாடி பிடிச்சிருக்கு உனக்கு?"

மவ்ஜூதா அவளுக்கு மூத்த ஓரகத்தி. அவர்கள் கணவன்மார், அண்ணன் தம்பி இருவரும், ருஷ்யாவில் கட்டட வேலையில். இங்கே ஒரே முற்றத்தில் இரண்டு பெண்களும் குழந்தைகளும். இனி பஜாரில் ரொட்டி விற்றுப் பிழைக்கலாம் என்று மவ்ஜூதா பழைய செங்கல் வாங்கிக் கட்டிய அடுப்பு. இன்றுதான் முதல் ஈடு எடுத்தாள். அக்கம்பக்கத்தார் துணி விரித்து, ரொட்டியை அடுக்கி, தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். வயதில் பெரியவர் பிய்த்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். பெரியவர் மிர்ஸோவோ பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெறும் தேநீரை உறிஞ்சிக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார்.

"யாரும் அதைத் தின்னாதீங்க!" நிகினா கத்தினாள். கையை வீசியதில் ஒரு ரொட்டி உருண்டு மண்ணில் விழுந்தது.

கூட்டமே பதறியது.

"ரொட்டியை மண்ணுல தள்ளிட்டாளே, பாவி!"

மிர்ஸோ எழுந்தார். ரொட்டியை எடுத்து, ஊதி, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, மதில்மேல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "அல்லா மன்னிக்கட்டும். சின்னப் பொண்ணு."

"எல்லாம் வயித்தெரிச்சல் சித்தப்பா," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "ஓரகத்தி நாலு காசு பார்த்துடுவாளோன்னு."

"வயித்தெரிச்சலா? அந்தக் கல்லை மோந்து பாருங்க!" நிகினா உடைந்த அடுப்பைக் காட்டினாள். "நான் பொறந்த ஊர்ல பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கிற பிளேன் வந்து இறங்கும். பக்கத்துலயே மருந்துக் கொட்டகை. அந்தச் சுவரை நக்குன எங்க பசு பொழுது சாயறதுக்குள்ள வாயில நுரை தள்ளிச் செத்துச்சு. அந்த நாத்தம் எனக்குத் தெரியாதா? அடுப்பு சூடாக ஆக, அதே நாத்தம்தான் வருது! எந்தக் கொட்டகையைப் பிரிச்ச கல்லு சித்தப்பா இது?"

பழைய செங்கல் வியாபாரம் மிர்ஸோவுடையது. ஊரில் பாதி முற்றம் அவர் கல்தான்; இந்த அடுப்பும்.

"பள்ளிக்கூடத்தைப் பிரிச்ச கல்லும்மா," என்றார் நிதானமாக. "என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா? வெந்து கரிஞ்ச கல்லு நடைபாதைக்கும் வாய்க்கால் கரைக்கும். பனியில உதிராது. வெளிறின கல்லு மழை படாத உள்சுவருக்கு. பதமா வெந்த சிவப்புதான் அடுப்புக்கு. பொறுக்கிப் பொறுக்கித்தான் கொடுத்தேன். பழைய கல்லுன்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும். மசாலா மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்போ உங்க வீட்ல மட்டும் ஏன் எல்லாம் புதுக்கல்லு?" என்றாள் நிகினா.

"செருப்புத் தைக்கிறவன் நல்ல செருப்பா போட்டு நடக்கிறான்? விக்கிறதுக்கே பத்தல!"

மறுபடி சிரிப்பு. மவ்ஜூதா மட்டும் சிரிக்கவில்லை. "சித்தப்பா, நாளைக்குச் சந்தையில நாலு பேர் என்னைக் கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மிர்ஸோ அடுக்கின் உச்சியில் இருந்த ரொட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். "இந்த ரொட்டிமேல ஆணை. கல்லு சுத்தமான கல்லு."

அதற்குமேல் பேச்சு ஏது? ரொட்டிமேல் கை வைத்து ஒரு மனுஷன் பொய் சொல்வானா?

"கேட்டியாடி?" என்றாள் மவ்ஜூதா. "இடிச்ச கையாலேயே நீதான் கட்டித் தரணும்."

மிர்ஸோ பிஸ்மில்லா சொல்லி ரொட்டியைப் பிய்த்தார். சுற்றிலும் கொடுத்தார். தன் பங்கை நெற்றியில் ஒற்றித் தட்டோரம் வைத்தார். "எனக்கு வயிறு மந்தமா இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

மவ்ஜூதா ஒரு துண்டை நிகினாவின் மகள் கையில் திணித்தாள். "நீ தின்னுடா தங்கம். உங்கம்மாவுக்குத்தான் கிறுக்கு."

குழந்தை ரொட்டியைப் பார்த்து, நான்கு பால்பல்லும் தெரியச் சிரித்தது. பிடுங்க நிகினாவின் கை எழுந்தது. அத்தனை கண்களும் அவளையே பார்த்தன. பெரியவர் ஆணையிட்ட ரொட்டி. தெரியாத நாற்றத்தைத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டாளோ? கை பாதியில் நின்றது. கண்ணில் நீர் முட்டியது.

"தாத்தா, எனக்கு?"

மிர்ஸோவின் மடியில் ஏறிக்கொண்ட பேத்தி, தட்டோரத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

தேநீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. "துப்பு! துப்புடி!" மிர்ஸோ அவள் தாடையைப் பிடித்து அழுத்தினார். வாய்க்குள் விரலை விட்டு ஈரத் துண்டைத் தோண்டி எடுத்தார். விட்டெறிந்தார்.

பேத்தி வீறிட்டாள். ரொட்டி மண்ணில் கிடந்தது. அதைக் குனிந்து எடுக்க அவர் எழவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வாய்க்குப் போன கைகள் எல்லாம் அப்படியே நின்றன.

மவ்ஜூதா நிகினாவின் மகள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டாள். மிர்ஸோமேல் வைத்த கண்ணை எடுக்காமலே கையை நீட்டினாள்.

"நிகினா... அந்தக் கடப்பாரையை இங்க குடு."