வால் பிளந்த கொடி

சாராள் அக்காவின் கணவர் மேல் எங்கள் கொடி கிடந்தது.

பொழிச்சலூரில் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டேன். சுந்தர்சிங் அண்ணன் விடியற்காலையில் இறந்தது எனக்குத் தெரியாது. எங்கள் கடையிலிருந்து அக்காவிடம் தைக்கக் கொடுத்த கொடியை வாங்கிப் போக வந்திருந்தேன்.

சிவப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை. அந்தக் காலத்தில் தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ் வணிகக் கம்பெனியின் கப்பல்களில் பறந்த கொடி. நாளைக் காலை தாம்பரத்தில் ஒரு கண்காட்சியில் ஏற்ற வேண்டும்.

சிலுவை இருந்ததால் யாரோ எடுத்துப் போர்த்திவிட்டார்கள் என்று நினைத்தேன்.

தெருவுக்கு வந்து பல்லாவரம் கடைக்குப் போன் செய்தேன். முதலாளி பக்தவச்சலத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல மனுசன்டா, பாவம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொட்டிய மூடறதுக்குள்ள கொடிய எடுத்துகினு வந்துரு சம்பத்து. இல்லாட்டி நாளைக்குக் கடைப் பக்கம் வராத."

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. பெட்டியை மூட ஆட்கள் எழுந்தார்கள்.

அக்காவிடம் எப்படிக் கேட்பது? மனதுக்குள் ஒரு வாக்கியம் அமைத்தேன். நன்றாக இல்லை. மாற்றினேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

எதுவும் சொல்லாமல் பெட்டியின் கால்மாட்டில் போய் நின்றேன்.

அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கம்பெனிக் கொடியின் நுனி பறவையின் வால்போல இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். இது பிளந்திருக்கவில்லை. நேராக மடித்துத் தைத்திருந்தது.

தைத்து முடிக்கவில்லை போலிருக்கிறது. இனி எடுத்தும் பயனில்லை. எனக்கு அழுகை வந்தது. அண்ணனுக்காக அழுகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

சாராள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உன்னுது பீரோல கீது, தம்பி. வாலெல்லாம் வெட்டி, அயன் பண்ணி வெச்சிருக்கேன். இது வேற. இந்த மாடல் அவருக்குப் புடிச்சிப்போச்சு. தனியா துணி எடுத்துத் தச்சேன்."

"எப்பக்கா?"

கேட்டிருக்கக் கூடாது.

"போன வாரம்." அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அளவு சரியா கீதான்னு அவரே படுத்துப் பாத்தாரு. கால் வெளிய தெரியுதுன்னாரு. இன்னும் ஒரு சாண் ஒட்டுப் போட்டேன்."