வேடனின் மூக்குக்கண்ணாடி

முதலாவது குற்றம் எண்பத்தெட்டில் நடந்தது. பிரதம விருந்தினர் வரவில்லை என்று வள்ளி திருமண நாடகத்தை ஒன்றேகால் மணி நேரம் தாமதித்தார்கள்.

இரண்டாவது, எண்பத்தொன்பதில். வள்ளியின் தினைப்புனத்தில் பிளாஸ்ரிக் டஃபோடில் பூக்களை நட்டு வைத்தார்கள்.

மூன்றாவது, தொண்ணூறில். வேடனாக வந்த முருகன் மானுக்கு விட்ட மூங்கில் அம்பு, மான் வேஷம் போட்ட எட்வேட்டின் கன்னத்தில் பட்டது. கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே.

நான்காவது, இந்த வருடம், தொண்ணூற்றொன்றில், போன சனிக்கிழமை. அதே முருகன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மான் வேட்டைக்கு வந்தான்.

இந்த வரிசையில், ஆண்டு பிசகாமல், இராஜேந்திரன் துண்டுப்பிரசுரம் அடித்திருந்தார். கோலியர்ஸ் வுட் கலை மன்றத்தின் பொதுக்கூட்டத்துக்கு வந்த முப்பத்திரண்டு பேர் கையிலும் ஆளுக்கொன்று இருந்தது.

ஊரில் ஆலை வாசலில் பதினேழு நாள் மறியல் செய்தவர் அவர். லண்டனில் மறியல் செய்ய வாசல் கிடைக்கவில்லை. மன்றம் கிடைத்தது.

"கடவுள் இருக்கிறார் எண்டு நான் சொல்ல வரேல்லை," என்று எழுந்தார். "ஆனால் வேடன் எண்டால் வேடன். வில்லும் அம்புமாய்க் காட்டிலை மான் கலைக்கிறவனுக்கு ஆர் கண் சோதிச்சது?"

"மான்தான் அண்ணை. போன வருஷம்," என்றான் எட்வேட்.

சபை சிரித்தது. இராஜேந்திரன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். இதைவிடப் பெரிய சபைகளில் காத்திருந்து பழகியவர்.

"வேஷத்திலை மாற்றம் எண்டால் நடிக்காத ஓர் அங்கத்தவர் எழுத்திலை முன்மொழிய வேணும். மன்ற விதி. அதை எழுதினது நான். இந்தக் கண்ணாடிக்கு முன்மொழிஞ்சது ஆர்?"

சிலர் துண்டுப்பிரசுரத்தைப் புரட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப என்ரை தீர்மானத்தைக் கேளுங்கோ. முன்மொழிஞ்சவர் மன்றத்தை விட்டு விலக வேணும். பெயர் வெளியிலை வராட்டில் வேடன் விலக வேணும்."

தலைவர் கை உயர்த்தச் சொன்னார். கைகள் உயர்ந்தன. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, பாதிப் பேருக்கு அந்த அவசரம்.

வேடன் யோகராஜா கடைசி வரிசையில் இருந்தான். பெற்றோல் ஷெட்டில் வேலை. நாடகம் நடக்கும் அந்த ஒரு சனிக்கிழமைக்காக வருடம் முழுக்க மற்றவர்களின் ஞாயிறு ஷிப்டுகளைச் செய்துகொடுப்பவன். அந்த வேஷத்தைத் தவிர லண்டனில் அவன் தனக்கென்று வைத்திருந்தது எதுவுமில்லை.

செயலாளர் தவமலர் கோப்பைத் திறந்தார். ஒரு தாளைப் பார்த்தார். மூடினார்.

"அண்ணை, இதை விடுவம். அடுத்த வருஷம் பாப்பம்."

"ஆரைக் காப்பாத்துறீர், தங்கச்சி?"

"ஒருத்தரையும் இல்லை. பெயரை வாசிக்கிறது வடிவாயிராது. அவ்வளவுதான்."

"வடிவாயிராது! கேட்டியளே? நியாயத்துக்கு வடிவு பாக்கிற மன்றம்!"

யோகராஜா எழுந்தான்.

"ஒருத்தரும் முன்மொழியேல்லை. நான்தான் கேக்காமல் போட்டனான். எழுதுங்கோ. வில்லைத் தந்திட்டுப் போறன்."

எட்வேட் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "விசரா, ஏனடா பொய் சொல்லுறாய்? கையெழுத்து வாங்கப் போறன் எண்டு எனக்குக் காட்டின கடிதம் என்னடா?"

"நீ சும்மா இரு."

இராஜேந்திரனின் முகம் மலர்ந்தது. இந்த இடத்தை அவர் அறிவார். வாழ்நாள் முழுக்க இந்த இடத்தில்தான் நின்றிருக்கிறார்.

"பாத்தியளே! பின்னாலை ஆரோ ஒரு பெரிய மனிசர். அவரைக் காப்பாத்தச் சின்ன ஆளைப் பலி குடுக்கிறது. ஊரிலையும் இதுதான் நடந்தது. இஞ்சையும் இதுதான் நடக்குது. தங்கச்சி, கோப்பைத் திறவும்."

"அண்ணை, நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ..."

"நான் ஆயிரம் மனுவிலை கையெழுத்துப் போட்டவன்! மனு எண்டு ஒருத்தன் நீட்டினால் என்ன ஏதெண்டு வாசிச்சுக்கொண்டு நிண்டதில்லை. பஸ் தரிப்பிலை நிண்டு, மழைக்கை நிண்டு, சுவரிலை வைச்சுப் போட்டிருக்கிறன். என்ரை பேருக்கு நான் எப்பவாவது பயந்தனானோ? அவர் ஏன் பயப்பிடுறார்? வாசியும். உரத்து வாசியும். சாட்சிக்கு முப்பத்திரண்டு பேர் இருக்கினம்."

"வாசியாதேங்கோ அக்கா," என்றான் யோகராஜா.

"வாசியும்!"

தவமலர் கோப்பைத் திறந்தார்.

"'வேடனாக நடிப்பவருக்குக் கண்ணாடி இல்லாமல் ஆறடிக்கு அப்பால் மானும் தெரியாது, மனிதரும் தெரியாது. இன்னோர் அம்பு எட்வேட்டின் கண்ணில் படாமலிருக்க, மேடையில் கண்ணாடி அணிய அவருக்கு அனுமதி வழங்குமாறு கேட்டு முன்மொழிகிறேன்.' திகதி, பெப்ரவரி மூன்று."

அந்த இடத்தில் நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டினீர்? பெயர்?"

தவமலர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, கண் தெரியேல்லையோ? கண்ணாடியைப் போட்டு வாசியும்!"

தவமலர் கைப்பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டார்.

"முன்மொழிபவர், கந்தையா இராஜேந்திரன்."