கீறல் விழக் கூடாது

“டேய் லைல், முதல்ல கூரையைத் துடைடா! பொடி மணல் இருந்தாலும் பெயின்ட்டை அரிச்சிடும்!”

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி என் கணவர் ஆர்விட் தன் தம்பியை விரட்டிக்கொண்டிருந்தார். தோணி ஏற்றுவதற்காகக் காரின் கூரையில் கேரியர் பொருத்தும் வேலை.

“மூணு தடவை துடைச்சாச்சுண்ணே. துரை எழுந்து வந்து ஒரு கை பிடிக்கிறதுதானே!”

“கிளாம்ப்புக்கு அடியில பிளாஸ்டிக் தாள் ஒட்டினியா? ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி முறுக்கு.”

லைல் முறுக்கினான். ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். ஆர்விட்டின் முகம் வெளுத்துவிட்டது. நான் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். ரப்பர்தான் நழுவியிருந்தது.

“அப்படி எத்தனை தடவை ஏரிக்குப் போகப்போறே? இந்த அலட்டு அலட்டுறே!”

“ஒரே தடவைதான். வந்ததும் கழட்டிடு. தடமே தெரியக் கூடாது. இது உன் அண்ணி இங்கிரிட்டோட வண்டிடா. கீறல் விழுந்தா தினமும் அவதான் பார்க்கணும்.”

“அண்ணி, இந்த ஆளோட எப்படித்தான் குப்பை கொட்டுறீங்களோ!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பரில் தோணியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மினசோட்டாவின் வடக்கே இருக்கும் ஏரிக்குப் போனோம். லைல் ஓட்டினான். என் மடியில் ஆர்விட்டின் தூண்டில் பெட்டி. அதற்குள் அவருடைய சாம்பல். தோணியில் போய் நடு ஏரியில் கரைத்தோம்.

வீடு திரும்பியதும் லைல் கேரியரைக் கழற்றினான். நான் ஸ்டூலில் ஏறிக் கூரை முழுவதும் விரலால் தடவித் தேடினேன். அவர் சொன்னபடியே தடமே இல்லை.

சின்னதாக ஒரு கீறலாவது விழுந்திருக்கக் கூடாதா?