ஒரே உலுக்கு

"வாங்கம்மா, வாங்க. உங்களுக்காகத்தான் வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன்" என்று பூங்காக் கண்காணிப்பாளர் ஓடிவந்தார்.

உள்ளே வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பஸ் தாமதமாகிவிட்டது என்று ஆரம்பித்தவளை அவர் பேசவிடவில்லை. நேராக நீரூற்றுப் பக்கம் கூட்டிப்போனார்.

அங்கே எலுமிச்சை மரத்தின் தாழ்ந்த கிளையில், தலையணை அளவுக்கு ஒரு தேனீக் கூட்டம் தொங்கியது. காலையில்தான் எங்கிருந்தோ வந்து இறங்கியிருந்தது. நான்கு பக்கமும் கட்டிடங்கள் நெருக்கும் அந்தச் சின்னப் பூங்காவுக்கு இத்தனை வருடத்தில் இப்படி ஒரு விருந்தாளி வந்ததில்லை. கண்காணிப்பாளருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் மருந்தடிக்கும் ஆள் முதுகில் டப்பாவோடு வேலியோரம் காத்திருந்தான். பதினோரு மணிக்குள் அப்புறப்படுத்தாவிட்டால் மருந்தடித்துவிடும்படி மேலிடத்து உத்தரவு. தேனீ பிடிப்பதில் கெட்டிக்காரி ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டு, கண்காணிப்பாளர் போனில் கெஞ்சிக் கூத்தாடி வரச்சொல்லியிருந்தார். இப்போதே மணி பத்தரை.

அவள் கிளையையே பார்த்தாள்.

"இதை நான்தான் எடுக்கணுமா சார்?"

"பின்னே நானா எடுக்கிறது? உங்க கையிலதான் இருக்கு."

எப்படி எடுக்க வேண்டும் என்று கேட்டாள். தன்னை ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்த அவர், படித்துவைத்திருந்ததை ஒப்பித்தார். பெட்டியைக் கீழே பிடித்துக்கொண்டு கிளையை ஒரே உலுக்கு உலுக்கினால் போதும்; ராணி விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். பாதுகாப்பு உடை எதுவும் அவள் கொண்டுவராததால் தன் மழைக்கோட்டைக் கொடுத்தார். தொப்பிமேல் கொசுவலையைப் போட்டுக் கட்டிவிட்டார்.

அவர் தயாராக வைத்திருந்த பெட்டியோடு அவள் ஸ்டூலில் ஏறினாள். சுற்றிலும் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள்.

ஒரே உலுக்கு. பெட்டிக்குள் பொத்தென்று கனமாக விழுந்தது. மிச்சமிருந்த தேனீக்கள் எழும்பி அவளை மேகமாகச் சூழ்ந்துகொண்டன. அவள் இம்மியும் அசையவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக, பத்துப் பத்தாக, அவை பெட்டிக்குள் இறங்கத் தொடங்கின. அவள் மூடியைப் போட்டபோது பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருந்தது. மருந்தடிக்க வந்தவனே டப்பாவை இறக்கிவைத்துவிட்டுக் கைதட்டினான்.

"அசத்திட்டீங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர், கண் கலங்க. "இப்படி ஒரு தைரியத்தை நான் பார்த்ததே இல்ல."

"ரெண்டு இடத்துல கொட்டிருச்சு சார், பரவாயில்ல." வலையைக் கழற்றிய அவள், பையிலிருந்து சான்றிதழ்களை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஆனா உங்க பூங்கா ஆபீஸ் டைப்பிஸ்ட் வேலைக்கு இப்படி ஒரு டெஸ்ட் இருக்குன்னு இன்டர்வியூ லெட்டர்ல நீங்க போடவே இல்லையே?"